மஞ்சளாற்றில் விட்ட கை

அத்தை என் கையைப் பிடித்து நடந்ததே இல்லை. சந்தைக் கூட்டத்தில்கூட முந்தானையைத்தான் நீட்டுவார். அதைப் பற்றிக்கொண்டு பின்னால் போவேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு சித்திரை. நான் வீட்டில் கைக்குழந்தை. அத்தையும் மாமாவும் அத்தையின் அண்ணனான என் அப்பாவும் மாட்டுவண்டியில் கெங்குவார்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இன்று பாலம் இருக்கும் இடத்தில் மஞ்சளாறு அப்போது வெறும் மணலாகக் கிடந்தது. நடு ஆற்றில் சக்கரம் புதைந்துவிட, அப்பா மாடுகளை அவிழ்த்துக் கரைக்கு ஓட்டிப்போனார். மேற்கே மலை கறுத்துக் கிடந்ததே தவிர, இங்கே சுள்ளென்று வெயில். மலையில் கொட்டிய கோடைமழை வெள்ளமாகி மரங்களைப் புரட்டிக்கொண்டு செந்நிறமாக வளைவு திரும்பி வந்தபோது, அத்தையும் மாமாவும் வண்டியருகே நின்றிருந்தார்கள். கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள். கரையோர நாணலில் ஒதுங்கியது அத்தை மட்டும்தான். மாமாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதன்பிறகு அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தார். சில நாட்கள், சோற்றில் வைத்த கையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"அண்ணே, நானா விட்டேன், அவுகளா விட்டாகளா?"

"மச்சான்தான் விட்டாக, ஆத்தா. ஒன்னயக் கரைப்பக்கம் தள்ளிட்டு விட்டாக. என் கண்ணால பாத்தேன்."

அப்பா இதைச் சொன்ன பிறகுதான் அத்தை சோற்றைப் பிசைவார்.

பல வருடங்கள் கழித்து, படுக்கையில் விழுந்த அப்பா என்னிடம் மட்டும் சொன்னார்: "தண்ணி இரைச்சல்ல மாடு ரெண்டும் மிரண்டுருச்சு. கயித்த இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஆத்துக்கு முதுகக் காட்டி நின்னேன். திரும்புனா ரெண்டு பேரையும் காணோம். நான் எதையும் பாக்கல, ஆத்தா."

அப்பா இறந்த அடுத்த கோடையில் ஒரு பிற்பகல், மலைப்பக்கம் இடி உருண்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையின் விரல்கள் நின்றன.

"ஒங்கப்பா அன்னைக்கு அங்கிட்டுத் திரும்பி நின்னாக. ஓடுறப்ப அவுக முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சுமா அத்தை கேட்டீக?"

"ஒங்கப்பா சொல்றப்ப, அந்தச் சோத்தத் திங்கிற வரைக்கும் நம்பிக்கிருவேன்."

மறுபடி இடித்தது. அத்தை என் முகத்தையே பார்த்தார்.

"இப்ப நீ சொல்லு."

"மாமாதான் விட்டாக, அத்தை" என்றேன். மாமாவின் முகம்கூட எனக்குத் தெரியாது.