பெட்ரோல் பின்பக்கம் போகும்

பாதித் தூரம் வரை என் கார் பந்தயக் கார். அதற்குப் பிறகு அது மார்கழி மாதத்துப் பெரியவர்: இருமும், கொஞ்சம் நகரும், மறுபடி இருமும்.

டிராக் ரேஸ் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நானூறு மீட்டர் நேர்ச்சாலை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்கள், ஒரு பச்சை விளக்கு. திருப்பமே கிடையாது, ஆகவே ஓட்டுகிறவனுக்குத் திறமை தேவைப்படாது என்று நம்பித்தான் ஐம்பதை நெருங்குகிற வயதில் இதில் இறங்கினேன். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. வாரம் முழுக்கப் பிறர் செய்த தவறுகளைக் கண்டுபிடிக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது சொந்தமாகத் தவறு செய்ய ஓர் இடம் வேண்டும்.

கார் என் மாமனாருடையது. கார்புரேட்டர் காலத்து வண்டி. கண்ணில் புரை விழுந்து அவர் ஓட்டுவதை நிறுத்தியபோது, விற்றால் யார் வாங்கப்போகிறார்கள் என்று என்னிடம் கொடுத்தார். நான் பின்சீட்டைக் கழற்றினேன், கம்பளத்தைக் கிழித்தேன், இன்ஜினைப் பிரித்துக் கூட்டினேன். ஒருநாள் அவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்றார். புரை இன்னும் எடுக்கவில்லை.

கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் மெயின்டனன்ஸ் பிரிவு, வல்லம் வடகால்காரர். அவர்கள் நெல் போட்ட இடத்தில் இப்போது தொழிற்பேட்டை நிற்கிறது. மிச்சமிருந்த துண்டில் வீடும், வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டும். கார் அந்த ஷெட்டில்தான் இருந்தது. இன்னொருவர் பெயின்ட் ஷாப், திருநெல்வேலிப் பக்கம், இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை. முன்னவர் என்னை அண்ணா என்பார், பின்னவர் அண்ணாச்சி என்பார். இருவர் பேச்சிலும் மரியாதை அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

முதல் பந்தயத்தில் கார் பாதியில் இருமி நின்றதும், இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஆட்கள் எதைச் செய்வார்களோ அதையே நாங்களும் செய்தோம். உட்கார்ந்து 'ஒய்-ஒய்' போட்டோம். தெரியாதவர்களுக்கு: ஒரு பழுது வந்தால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும், ஐந்தாவது பதிலில் மூலகாரணம் இருக்கும் என்பது ஐதீகம். நடைமுறையில் ஐந்தாவது பதில் எல்லாத் தொழிற்சாலைகளிலும் ஒன்றுதான்: ஆபரேட்டருக்குப் பயிற்சி போதாது. மெஷின் சரியில்லை என்றால் மெஷின் வாங்க வேண்டும். முறை சரியில்லை என்றால் மேனேஜர் வருத்தப்படுவார். ஆபரேட்டர் ஒருவர்தான் செலவில்லாத காரணம். இருபது வருடமாக நானே அப்படி எழுதியவன்.

ஆகவே எங்கள் ஐந்தாவது 'ஏன்' என்னிடம் வந்து நின்றது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதிக்கிறார், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தருகிற கார்புரேட்டர் திணறுகிறது, ஓட்டுநருக்குப் பயிற்சி தேவை. சில ஞாயிற்றுக்கிழமைகள், ஷெட்டில் நிற்கிற காருக்குள் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பழகினேன். பூவை மிதிக்கிற மாதிரி மிதிக்க வேண்டும் என்றார் மெயின்டனன்ஸ்காரர். பூவை யார் மிதிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. பயிற்சியில் இருப்பவன் கேள்வி கேட்கக்கூடாது.

இரண்டாவது பந்தயத்தில் பூவைத்தான் மிதித்தேன். கார் அதே இடத்தில் இருமியது.

அன்றைக்கு என் மனைவியும் வந்திருந்தாள். காரைக் கயிறு கட்டி இழுத்து வரும் வழியில், தண்டலம் தாண்டியதும் சொன்னாள்:

"என் தம்பி கேட்டுட்டே இருக்கான். டியூஷன் பசங்கள ஏத்தி எறக்க அவனுக்கு ஒரு வண்டி வேணுமாம். அடுத்த தடவை கடைசிக் கோடு வரைக்கும் இருமாம போச்சுன்னா நீங்களே வெச்சுக்கோங்க. இல்லன்னா பின்சீட்டை மாட்டி அவன்கிட்ட குடுத்துடுங்க. அது எங்கப்பா வண்டி."

ஜெயிக்க வேண்டும் என்று அவள் நிபந்தனை போடவில்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ஒருவருடைய எல்லை ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அதன் பிறகுதான் நாங்கள் உருப்படியாக யோசித்தோம். இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பது நிச்சயம். எப்படிக் கொண்டு சேர்ப்பது? நான் இதைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். ஒரு சூத்திரத்துக்கு ஒன்பது உரை எழுதுகிற ஆட்கள் நம்மிடம் மட்டும் இல்லை, கார்க்காரர்களிடமும் இருக்கிறார்கள்.

மெயின்டனன்ஸ்காரர், கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு கம்ப்யூட்டர் வைத்த இன்ஜெக்ஷன் போடலாம் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சரிபார்க்க லேப்டாப்போடு பெங்களூரிலிருந்து ஓர் ஆள் வர வேண்டும். பந்தய இடத்தில் ஏதாவது ஆனால் நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக் கும்பிடலாம், வேறொன்றும் செய்ய முடியாது. பெயின்ட் ஷாப்காரர் மெத்தனால் என்றார். சக்தி கூடும், இன்ஜின் சூடும் குறையும். ஆனால் பெட்ரோலைப் போல இரண்டு மடங்கு ஊற்ற வேண்டும், ரப்பர் குழாயையும் அலுமினியத்தையும் அரித்துவிடும். மூன்றாவது சிக்கலை அவரே கண்டுபிடித்தார்.

"நம்ம ஊர்ல மூணு பேரு போயி கேன் கணக்குல மெத்தனால் கேட்டா, நம்மள ரேஸுக்கா அனுப்புவாவ? வேற எடத்துக்குல்லா அனுப்புவாவ, அண்ணாச்சி."

மெத்தனால் கலந்த சாராயத்தில் ஆட்கள் செத்த ஊர் இது; போலீஸ் அனுப்புவதில் நியாயமும் உண்டு.

நான் ஒரு விதி வைத்தேன். போடுகிற எந்தச் சாமானும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் கிடைக்க வேண்டும். நாங்களே கழற்றி மாட்ட முடிய வேண்டும். கெட்டுப்போனால் கண்ணால் பார்த்தே தெரிய வேண்டும். அந்த விதிக்குள் மிஞ்சியது பெட்ரோலும் பழைய கார்புரேட்டரும்தான். இன்ஜினோடு ஓடுகிற பழைய பம்ப்பை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் போட்டோம். தடித்த குழாய், அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரெகுலேட்டர், மிச்சப் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவர ஒரு ரிட்டர்ன் லைன்.

ஷெட்டில் சோதித்தோம். கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு, தீயணைப்பானைக் கையில் பிடித்தபடி பம்ப்பைப் போட்டோம். பெட்ரோல் கொட்டியது.

"ஆறு மாதிரி ஓடிக்கினு கீது. இதுக்கு மேல இன்னாண்ணா வோணும்?" என்றார் மெயின்டனன்ஸ்காரர். இரண்டு பேரும் கை கழுவப் போய்விட்டார்கள்.

எனக்கு ஒப்பவில்லை. நிற்கிற வண்டியில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். டவுன் பஸ் வெடுக்கென்று கிளம்பினால் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் பின்னால் சாய்வார்கள். பெட்ரோல் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டா நிற்கும்? காரின் மூக்கைத் தூக்கிவைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். வெயில் ஏறிவிட்டது, பிரியாணி ஆறுகிறது என்றார்கள். ஆறட்டும் என்றேன். மெயின்டனன்ஸ்காரர் வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டியிருந்ததால் வாசலில் ஏணி மாதிரி ஒரு சரிவு. காரைத் தள்ளி அதில் மூக்கை ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மறுபடி பம்ப்பைப் போட்டோம். கொஞ்சம் பெட்ரோல் வந்தது. பிறகு குழாய் துப்பியது. பிறகு வெறும் காற்று.

மூன்று பேரும் டேங்கைப் பார்த்தோம். அதை டேங்க் என்பது மரியாதைக்குத்தான். எடை குறைய வேண்டும் என்று பழைய டேங்கைக் கழற்றிவிட்டு, ஐந்து லிட்டர் கேன் ஒன்றை வைத்து, அதில் ஓர் ஓட்டத்துக்கு வேண்டியதை மட்டும் ஊற்றுவது எங்கள் வழக்கம். கையில் ஸ்டாக் வைக்கக்கூடாது, தேவையான நேரத்துக்குத் தேவையானது மட்டும் என்று தொழிற்சாலையில் சொல்லிச் சொல்லி எங்கள் ரத்தத்தில் ஊறிய பாடம். 'ஜஸ்ட் இன் டைம்' என்று அந்தக் கேன் மீது பெயின்ட் ஷாப்காரர் அழகாக எழுதிக்கூட வைத்திருந்தார். உறிஞ்சும் குழாய் கேனின் முன்பக்கம். கார் பாய்ந்தால் இருக்கிற கொஞ்சப் பெட்ரோலும் பின்பக்கம். கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருந்ததை வைத்துப் பாதித் தூரம் போயிருக்கிறேன். இன்ஜெக்ஷன் போட்டிருந்தாலும் மெத்தனால் ஊற்றியிருந்தாலும் இதே காற்றைத்தான் குடித்திருக்கும்.

"பார்ட் வரலன்னா லைன் நிக்கும். இதுவும் லைன்தானேண்ணா," என்றார் மெயின்டனன்ஸ்காரர். பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்தது வேஸ்ட்டு," என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த மன்னிப்புகளில் அதுதான் முழுமையானது.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் அலுமினியத்தில் சின்ன டேங்க் செய்தோம். பின்பக்க அடியில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். உறிஞ்சும் குழாய் அதற்குள், ரிட்டர்ன் லைன் விழுவதும் அதற்குள். பெட்ரோலைக் கஞ்சத்தனம் இல்லாமல் ஊற்றினோம். மறுபடி அதே சரிவு, கொட்டுவதைப் பிடிக்க அதே கேன். நான் போதும் என்று சொல்லும் வரை கொட்டியது. நான் சீக்கிரம் சொல்லவில்லை.

பந்தயத்தன்று என் பக்கத்தில் வந்து நின்றது புத்தம் புதுக் கார். ஓட்டியவருக்கு என் பனியன் வயதுகூட இருக்காது. பச்சை விழுந்ததும் கரப்பான்பூச்சியை மிதிப்பதுபோல் மிதித்தேன். அந்தக் கார் உடனே என்னை விட்டுப் பிரிந்தது; அதன் பின்விளக்குகளை நான் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு போக முடிந்தது. பாதி வந்தது. என் கால் தானாகவே இளக ஆரம்பித்தது, பயிற்சியின் மிச்சம். விடாமல் அழுத்தினேன். இன்ஜின் கத்தியது, கத்திக்கொண்டே இருந்தது. கடைசிக் கோடு காருக்கடியில் போனது எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் பிரேக் போடச் சொல்லிக் கையாட்டிய பிறகுதான் காலை எடுத்தேன்.

திரும்பி வந்தபோது மனைவி குடைக்கடியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அவள் தம்பி.

"இல்லடா, வண்டி இப்போதைக்குக் கெடைக்காது," என்றாள். அவன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஐயோ, தோத்துட்டாரு. நல்லாவே தோத்துட்டாரு. ஆனா கடைசி வரைக்கும் போய்த் தோத்துட்டாரு, நான் என்ன பண்ண முடியும்?"

போனை வைத்துவிட்டு, காரின் பின்பக்கம் எட்டிப் பார்த்து, அந்தச் சீட் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஷெட்டில், பத்திரமாக என்றேன். அங்கேயே கிடக்கட்டும் என்றாள்.