அத்தைக்கு இரண்டு தாலி கட்டிய மாமா

எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். எனக்குக் கல்யாணமாகி முதல் வருடம். நான் புதுக்கோட்டைப் பெண்; தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் கடலைக் கண்டால் பயம். வாழ்க்கைப்பட்டதோ தூத்துக்குடிக் கடலோரத்தில், திரேஸ்புரம் பக்கம். சுண்ணாம்புக் காளவாசலுக்குத் தீவிலிருந்து பவளக்கல் ஏற்றி வரும் வள்ளத்தில் என் கணவருக்கு மேற்பார்வை வேலை.

மாமனார் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துக்காரர். பர்மா சண்டைக்குப் போய் ஒரு காதைத் தொலைத்தவர். அங்கே அவரைக் காணோம் என்று தகவல் வந்ததும், செத்தேவிட்டார் என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டி, கருமாதி செய்து, மாமியாரின் தாலியையும் அறுத்துவிட்டார்கள். சண்டை முடிந்தபின் ஒருநாள் மாமா உடன்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பக்கத்திலிருந்த சொந்த ஊருக்கு நடந்தே வந்தாராம். பேய் என்று அலறிக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம் அத்தை. பிறகு மறுபடியும் தாலி கட்டினார். "ஒரே பொண்டாட்டிக்கு ரெண்டு தாலி கட்டுன ஆளு ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தாம்லே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அத்தை மட்டும் அதற்குச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கார்த்திகையில் என் கணவரையும் ஏற்றிக்கொண்டு வள்ளம் தீவுக்குப் போன அன்றே புயல் அடித்தது. கடல் கொஞ்சம் தணிந்ததும் வள்ளத்தின் பலகைகள் கரை ஒதுங்கின. ஆட்கள் வரவில்லை. உடன்குடியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பெண்கள் தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். மாமா கையில் கம்போடு வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, ஒருத்தியும் இங்கன மாரடிக்கக் கூடாது. எம் மவன் உடம்பக் கண்ணால கண்டவுக மட்டும் உள்ள வாங்க."

அவருடைய அண்ணன் நியாயம் பேசிப் பார்த்தார். "வீம்பு புடிக்காதடே. பலகை வந்துட்டு. பதினாறுக்குள்ள செய்ய வேண்டியதச் செய்யாண்டாமா? அந்தப் பிள்ள கழுத்துல இன்னும் அது கெடக்கலாமா?"

"எனக்கும் நீங்கதான அண்ணாச்சி எள்ளுந் தண்ணியும் எறைச்சிய? நான் வந்து குடிச்சனா?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

மாமா அதோடு விட்டாரா? தினமும் சாயங்காலம் பூ வாங்கி வந்து என்னிடம் நீட்டுவார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் கணவர் போய்விட்டார் என்று நானே நம்பிவிட்டேன். வாய்விட்டு அழக்கூட விடாமல் இந்தக் கிழவர் படுத்துகிறாரே என்று மனதுக்குள் திட்டினேன். "வச்சுக்கோ தாயி" என்பார். அத்தை வாங்கி என் தலையில் வைத்துவிடுவார்கள்.

பதினாறு முடியவில்லை. ஒரு காலையில், யாருடைய கைலியையோ கட்டிக்கொண்டு, உதடெல்லாம் வெடித்து, கரிக்கட்டையாக என் கணவர் தெருவில் நடந்து வந்தார். வள்ளம் உடைந்ததும் எல்லோரும் வேறொரு தீவில் ஒதுங்கி, மழைத் தண்ணீரைக் குடித்து, நண்டு பிடித்துத் தின்று கிடந்திருக்கிறார்கள். கீழக்கரைப் படகுக்காரர்கள் கண்டு, ஒருவர் குறையாமல் ஏற்றி வந்தார்களாம். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அழுதேன், சிரித்தேன், என்ன செய்தேன் என்றே தெரியவில்லை.

மாமா மட்டும், "வந்துட்டியாலே? போயி குளி" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். வெகுநேரம் ஆளைக் காணோமே என்று தேடிப் போனால், கிணற்றடியில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"அவன் வருவான்னு நானும் நம்பலம்மா" என்றார். "ஒங்க அத்தைக்குச் செஞ்சத ஒனக்கும் செய்யவிட மனசு வரல. அதாம்மா."

சில வருடங்கள் கழித்து மாமா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். டாக்டர் கையை விரித்த பிறகும், "இன்னொரு மட்டம் நல்லாப் பாரும்யா, ஒருக்க ஏமாந்தவ நான்" என்று அத்தை விடவில்லை. அவர் பட்டாளத்தில் என்ன சாதித்தாரோ, எனக்குத் தெரியாது. நம்பிக்கை துளியும் இல்லாமல், எனக்காக மட்டுமே ஊரை எதிர்த்து அவர் வாசலில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால், உள்ளறையில் கணவர் குறட்டை விடும் இந்த நேரத்திலும் என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.