திரும்பி வரும் இதழ்கள்

எந்தெந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் சண்டை இங்கேயும் தொடரும். சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிப்பவர்கள் உலகம் முழுக்க இரண்டு கட்சி. கருமத்தம்பட்டியில் என் தறிக்கூடத்திலும் அதே இரண்டு கட்சிதான். ஒன்றுக்கு நான்; இன்னொன்றுக்கு மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் என் நண்பர். உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரே கட்டுக்கு இரண்டு பேரும் கை நீட்டியதில் தொடங்கிய பழக்கம். மண்டிக்கு லீவு என்றால் பஸ் ஏறி வந்துவிடுவார். தறி ஓடும் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டும் என்பதால் எங்கள் சண்டை தெருவுக்கே மனப்பாடம்.

என் கட்சியின் ஆட்கள் நிஜமான நகரத்தில் வாழ்கிறவர்கள். உலகத்தைக் காப்பாற்றிவிட்டு வந்து வீட்டு வாடகைக்கு அல்லாடுவார்கள். தங்களுக்குள் பங்காளிகள் மாதிரி முறைத்துக்கொள்வார்கள். அவர் கட்சியின் ஆட்களோ எந்த மேப்பிலும் இல்லாத ஊரைக் காக்கும் தெய்வங்கள்.

"சாமிக்கு எதுக்குங்க வாடகைக் கவலை?" என்பார் நண்பர். "உங்காளுக பறக்கறதைவிட பொலம்பறதுதானுங்க ஜாஸ்தி."

வில்லன்களும், கறுப்பு மையை அப்பி வரைந்த இரவுகளும் அவர் கட்சியில்தான் நன்றாக இருக்கும். அதை மனதுக்குள் ஒப்புக்கொண்டிருக்கிறேன், வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கம்பெனியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். நாயகனைக் கொல்வார்கள், கறுப்பு அட்டை போட்டு அழவைப்பார்கள், விற்பனை படுத்ததும் எழுப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். எனக்கு அது ஆகாது. செத்தால் செத்ததுதான். செத்தவன் திரும்பி வரும் இதழ்களை நான் வாங்குவதே இல்லை. நண்பர் தேடித் தேடி வாங்குவார். ஒருமுறை அவர் கொடுத்த அப்படி ஓர் இதழைப் பிரிக்காமலே நான் தள்ளி வைத்தபோது, தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்த என் மனைவி கேட்டாள்:

"செத்தவங்க திரும்பி வந்தா நல்லதுதானுங்களே? அதுல உங்களுக்கு என்னங்க வருத்தம்?"

"அப்படிக் கேளுங்க அம்மணி" என்று நண்பர் சிரித்தார்.

போன வருடம் அவள் இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு வீட்டுக்கு வரவில்லை.

நண்பர் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. 'வாரேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். எல்லோரும் பேசாமல்தான் எழுந்து போனார்கள். நண்பரும் எழுந்தார், செருப்பை மாட்டினார். பிறகு இத்தனை வருடப் பழக்கத்தில் திரும்பி, தறிச் சத்தத்துக்கு மேல் கத்தும் அதே குரலில் "அப்ப வாரேனுங்க" என்றார்.

அன்று தறி ஓடவில்லை. பந்தல் முழுக்கக் கேட்டது. என் பெரியம்மா வாய்விட்டே திட்டினாள். நண்பரின் முகம் சுண்டிப்போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு போனவர் கருமாதிக்கும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை.

அவளும் இல்லை, அவரும் இல்லை. தறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்க்கட்சி இல்லாமல் என் கம்பெனியின் புது இதழைக்கூட வாங்க மனம் வரவில்லை. அவர் கொடுத்த அந்தப் பழைய இதழ்தான் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. ஒருநாள் காலையில் அதைப் பையில் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பினேன்.

அன்னூரில் பஸ் மாறி உட்கார்ந்ததும் பிரித்தேன். செத்தவன் வீட்டுக்கு வருகிறான். கதவைத் திறந்தவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உள்ளே வரச்சொல்லி வழிவிடுகிறாள். கதை என்று பார்த்தால் மட்டமான கதை. பஸ்ஸில் அத்தனை பேரும் பார்க்க அழுதேன். எனக்கு என்ன வருத்தம்? ஒரு வருத்தமும் இல்லை. வந்தால் போதும்.

மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"வாய் தவறி வந்துபோச்சுங்க. எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்க ஊட்டுக்கு வாரதுன்னுதான்…"

இதழை அவர் கையில் வைத்தேன்.

"அன்னிக்கு வந்த சனத்துல, வாரேன்னு எங்கிட்டச் சொன்னது நீங்க ஒருத்தர்தானுங்க" என்றேன். "சொல்லிப்போட்டு ஏனுங்க வராமப் போனீங்க?"