ஓம் என்றால் ஓம்தான்

கதைப்பதற்குக் கூசாத ஊரில் பிறந்தவன் நான். இருந்தும், ஜெர்மனியில் அகதி விசாரணைக்குப் போன அன்று எனக்கு வாய் திறக்கவில்லை. "கொழும்பில உங்களுக்கு என்ன நடந்தது?" என்று மொழிபெயர்ப்பாளர் மூன்று தரம் கேட்டார். "அப்ப சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லையோ?" என்றார். "ஓம்" என்றேன். அதை மட்டும் அதிகாரி அழகாக எழுதிக்கொண்டார். பிறகு இரக்கப்பட்டு இன்னொரு டெர்மின், அதாவது விசாரணைக்கு வேறொரு நாள், கொடுத்தார்கள். அதிலும் ஊமையாக இருந்தால் திரும்பிப் போக விமானம்தான்.

வுப்பர்டாலில் எங்கள் அகதி விடுதிக்கு வந்து ஜெர்மன் சொல்லிக்கொடுத்த டீச்சர் இதைக் கேட்டு மூன்று நாள் யோசித்தார். பிறகு ஒரு முடிவோடு வந்தார். காட்டுக்குள் ஒரு புத்த மடம் இருக்கிறது, ஏழு நாள் தியானம், யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, நீயும் வா என்றார். நகரத்தைவிட்டு வெளியே போக எனக்கு அனுமதிக் கடிதம் வேண்டும். அதையும் அவரே வாங்கிவிட்டார்.

என் அறையில் இருந்த அண்ணை கட்டிலில் புரண்டு சிரித்தார். "கதைக்க ஏலாதவனை, கதைக்கக் கூடாத இடத்துக்கோ கூட்டிக்கொண்டு போறா? நல்ல வைத்தியம்!" எனக்கும் அது விசர்வேலையாகத்தான் பட்டது. ஆனால் மடத்தில் மத்தியானம் சோறு என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

போய் இறங்கியதும் சோறு மறந்துபோயிற்று. உள்ளே ஒரு பிக்கு தொலைபேசியில் சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார். எந்த மொழியைத் தெருவில் கேட்டு ஓடி வந்தேனோ, அதே மொழிக்காரர் காவி கட்டிக்கொண்டு எனக்கு மூச்சுவிடப் பழக்கப் போகிறார்! பெயர் பதியும் தாளில் நாடு என்ற இடத்தில் 'இந்தியா' என்று எழுதினேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அதற்குள் மௌனம் தொடங்குவதற்கான மணி அடித்துவிட்டது.

கண்ணை மூடி இருக்க வேண்டும். மனதில் எது வந்தாலும் அதன் பெயரை மூன்று தரம் உள்ளே சொல்லிவிட்டு விட்டுவிட வேண்டும். எனக்கு வந்தது பசி. மத்தியானத்துக்குப் பிறகு வெறும் தேத்தண்ணி மட்டும்தான் என்பதை டீச்சர் சொல்லவில்லை. சோறு என்று அவர் சொன்னதுகூட உப்பில்லாமல் குழைந்த ஒரு பழுப்பு வஸ்து. பசி, பசி, பசி என்றேன். அது போகவில்லை, முழங்கால் நோவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாம் நாள் சமையலறையில் என்னைக் கரட் வெட்ட விட்டார்கள். பொறுப்பாக இருந்த தாடிக்காரர், "இன்னும் சின்னதாக வெட்டலாமா?" என்று காதோடு கேட்டார். மௌனத்தை மறந்து "ஓம்" என்றேன். எங்கள் ஊரில் அது வெறும் 'ஆம்'. கடையில் மிளகாய்த்தூள் இருக்கோ என்று கேட்டாலும் ஓம்தான். தாடிக்காரருக்கு அது எப்படித் தெரியும்? கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக் கைகூப்பினார்.

ஒருவரும் வாய் திறக்காத அந்த மடத்தில் மாலைக்குள் செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் சூப் வரிசையில் எனக்கு வழிவிட்டார்கள். முழங்கால் நோவில் நான் முனகினால் பின்னால் இருந்தவர்கள் பக்தியோடு பெருமூச்சு விட்டார்கள். ஞானியானதில் கண்ட ஒரே லாபம், கரட் வெட்ட மறுபடி என்னைக் கூப்பிடவில்லை.

நாலாம் நாள் பின்னேரம் ஒவ்வொருவராகப் பிக்குவின் அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் கதைக்க வேண்டும். அங்கே மட்டும் பேசலாம். எனக்கு அடுத்தது டீச்சர், அவருக்குப் பின்னால் தாடிக்காரர் என்று வெளியே வரிசை. பிக்குவுக்கு என் வயதுதான் இருக்கும். "மூச்சு தெரிகிறதா?" என்று ஜெர்மனில் கேட்டார். "ஓம்" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் சிரித்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "நான் திருகோணமலைப் பக்கம் வளர்ந்தவன். இந்தியாக்காரர் 'ஆமா' என்பார்கள். 'ஓம்' என்றால் அது எங்கள் நாட்டு ஆள்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எங்கள் நாட்டு ஆளாமே! அதைக் கொழும்பில் யாராவது சொல்லியிருக்கலாமே! எட்டு வருடம் அங்கே இரும்புக்கடையில் நின்றவன் நான், சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

கலவரத்தன்று என்னையும் முதலாளியையும் தெருவில் மறித்தவர்கள், வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார்கள். 'பால்திய' என்ற அந்தச் சொல்லின் முதல் எழுத்து, ஆங்கில B போல ஒலிக்க வேண்டியது, தமிழன் வாயில் பிசகும் என்று அவர்களுக்குத் தெரியும். நான் தினமும் வாளி விற்றவன், பிசகாமல் சொன்னேன். முதலாளி கல்லாவைவிட்டு எழும்பாதவர், அவருக்குப் பிசகிவிட்டது. "இந்த ஆளை உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்கள். நான் பேசாமல் நின்றேன். எட்டு வருடம் எனக்குச் சோறு போட்ட மனிதரை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டு போனார். இதை நான் அண்ணைக்குக்கூடச் சொன்னதில்லை. அவ்வளவு வெட்கம்.

பிக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. நான் ஒரு வசனம் சொல்லி நிறுத்தும்போதெல்லாம் "ஓம்" என்றார். எங்கள் ஊர் ஓம். இடையிடையே நானும் "ஓம், ஓம், அப்படித்தான்" என்றேன். பத்து நிமிடம் ஒரு மணித்தியாலமாயிற்று. முடிவில் அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து நீட்டினார். "மத்தியானத்துக்குப் பிறகும் இதைச் சாப்பிடலாம். மருந்தில் சேர்த்தி" என்றார்.

கதவைத் திறந்தால் டீச்சரும் தாடிக்காரரும் இன்னும் ஐந்தாறு பேரும் வெளியே சம்மணமிட்டுக் கண்மூடி இருக்கிறார்கள். உள்ளேயிருந்து ஒரு மணித்தியாலமாகக் கேட்ட ஓம், ஓம் என்ற ஓசையில் டீச்சரின் கன்னம் நனைந்திருந்தது. அழுத முகத்தோடும் கருப்பட்டி வாயோடும் அவர்களைத் தாண்டி நடந்தேன். விளக்கிச் சொல்லவும் வழியில்லை, பேசக் கூடாதே.

அடுத்த டெர்மினில் அதே மொழிபெயர்ப்பாளர், "இந்த முறை சொல்லுறதுக்கு ஏதும் இருக்கோ?" என்றார். "ஓம்" என்றேன். முதலில் முதலாளியின் பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொல்லும்படி அதிகாரி கேட்டார். ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னேன்.