ஏழாம் வாய்ப்பாட்டுக்கு ஒரு மெட்டு

நேற்று மழையில் நனைந்த கம்பளியை அடுப்போரம் காயப்போட்டிருந்தேன். புகையும் ஈரமும் கலந்து எழுந்த அந்த வாடை என்னை வட்டவளைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கொழுந்து பறிக்கையில் தலையில் போட்டிருந்த கம்பளிக்கும் இதே வாடைதான். வேலை விட்டு லயத்து வீட்டுக்கு வந்ததும் அதைப் போர்த்திக்கொண்டு நானும் தங்கச்சி ராசாத்தியும் அடுப்படியில் உட்காருவோம். பாடம் நடக்கும். டீச்சரம்மா நான்தான். மூன்றாம் வகுப்போடு கூடையைத் தூக்கியவளுக்கு என்ன பெருமை பாருங்கள். எட்டேழு என்றால் எனக்கே மூச்சு முட்டும். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் நானே ஐம்பத்தாறைப் பிடித்தேன்.

ராசாத்திக்குத் திக்குவாய். கணக்கெல்லாம் தலைக்குள் சரியாக இருக்கும், எழுந்து சொல்லச் சொன்னால் முதல் சொல்லே தொண்டையில் நின்றுவிடும். மாரியம்மன் கோயில் பஜனையில்தான் ஒரு நாள் கவனித்தேன். பாட்டென்றால் அவளுக்குத் திக்கவில்லை. ஆத்தாளே வழி காட்டியதாக நினைத்து, பஜனை மெட்டிலேயே வாய்ப்பாட்டைச் சொல்லவைத்தேன். ஆற்று நீர் மாதிரி ஓடியது.

தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. இன்ஸ்பெக்டர் வந்து வாயால் கேட்கும் சோதனையில் தேறினால் டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாக அப்பா சொல்லியிருந்தார். இல்லையென்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் பதிந்து, என்னோடு கொழுந்து பறிக்க மலைக்கு வரவேண்டியதுதான்.

அவளைக் கூட்டிக்கொண்டு வாத்தியாரிடம் போனேன். "பாட்டாச் சொன்னா திக்காதுங்க ஐயா."

கேட்டுவிட்டுச் சிரித்தார். "பாட்டாவே சொல்லட்டும். இன்ஸ்பெக்டருகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ கவலப்படாத."

லயத்துப் பக்கம் அவர் வந்தால் அப்பா எழுந்து நிற்பார். அவர் வாக்கு எங்களுக்குச் சாமி வாக்கு.

சோதனையன்று காலையில் ஆத்தாளுக்குத் தேங்காய் உடைத்தேன். பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் ஒரு சில்லை முந்தானையில் முடிந்துகொண்டு பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தேன். ராசாத்தியின் இடத்தில் ரிப்பன் கட்டிய ஒரு பிள்ளை இருந்தது. நான் அதுவரை பார்க்காத முகம்.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பரா பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்து அவள் குரல் வந்தது. ஏணையை ஆட்டிக்கொண்டே, "மூவேழு இருபத்தொண்ணு, நாலேழு இருபத்தெட்டு." எங்கும் தடுக்கவில்லை.

"இங்க என்னடி பண்ற?"

"ஆ... ஆயாவுக்கு மேலுக்கு முடியலயாம். ஐயா பாத்துக்கச் சொன்னாரு. என் மொ... மொற வந்ததும் கூப்புடுவாரு."

ஆயா வாசற்படியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். "எனக்கென்ன கேடு? கல்லாட்டம் இருக்கேன். திக்குற புள்ளய இன்ஸ்பெக்டரு கண்ணுல காட்டக்கூடாதுன்னு வாத்தியாருதான் அனுப்புனாரு. அந்த எடத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துப் புள்ள வந்துருக்கு. வருசா வருசம் நடக்குறதுதானே."

ராசாத்தி ஏணைக் கயிற்றை விடவே இல்லை.

சாயந்தரம் அப்பாவோடு போய் வாத்தியாரைக் கேட்டேன். "சொல்லிக்கிறேன்னு சொன்னீங்களே ஐயா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு புள்ளைக்காகப் பள்ளிக்கூடத்துப் பேரக் கெடுக்க முடியுமா? மலையில அவளுக்கு வேல இல்லாமயா போயிரும்?"

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். வாத்தியார் சொன்னதைவிட அதுதான் அதிகம் சுட்டது.

அன்று நான் விளக்கேற்றவில்லை. ஆத்தாளோடு சண்டை. அப்புறம் ஏற்றினேன், வேறு யாரிடம் போய் முட்டிக்கொள்வது? ராசாத்தி என்னோடு மலைக்கு வந்தாள்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் மாடிக் கட்டடம். பிள்ளைக்காம்பரா இருந்த இடம் புல் மண்டிக் கிடக்கிறது. வாத்தியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல கதி கிடைக்கட்டும் என்று வாய் சொல்கிறது, மனசு இன்னும் சொல்லவில்லை. போன தடவை ராசாத்தி வந்தபோது, ஏழாம் வாய்ப்பாட்டை ஒரு தரம் சொல்லடி என்றேன்.

"அதெல்லாம் எங்க ஞாபகம்க்கா? அன்னைக்கே போயிருச்சு."

"மெட்டாவது?"

"அதுவுந்தான்," என்றாள்.