மூன்று முறை கழுவிய போணி

அஞ்சாம் ஃபாரத்தில் எங்கள் வகுப்புக்குப் புதுக்கடை என்ற ஊரிலிருந்து ஒருத்தி வந்தாள். நாகர்கோவிலில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்க வந்தவள். முதல் நாளே டீச்சரிடம், "வெள்ளம் குடிக்கணும், போகட்டா?" என்று கேட்டாள். அவள் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர்.

"ஊரு முங்கிப் போச்சா மக்கா?" என்றாள் முன்பெஞ்சுக்காரி ஒருத்தி. டீச்சரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த முன்பெஞ்சுக்காரிதான் எங்களுக்குத் தலைவி. அப்பா வக்கீல் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. எங்கள் பக்கம் மலையாளச் சீமையை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரெல்லாம் கூட்டம் போட்ட சமயம் அது. தமிழர் எல்லாரும் ஒருதாய் மக்கள் என்று அவள் அப்பா மேடையில் முழங்குவார். மகளோ ஒரே வாரத்தில் புதியவளின் அப்பா பெயர், தொழில், தெரு எல்லாம் விசாரித்து, அவள் என்ன ஆள் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

வராந்தா மூலையில் மண்பானை, அதன்மேல் தண்ணீர் மொண்டு குடிக்க ஒரு பித்தளைப் போணி. எல்லாரும் அண்ணாந்துதான் குடிப்போம், உதடு படாது. ஆனால் புதியவள் குடித்துவிட்டு வைத்தால், அடுத்தவள் அதை மூன்று முறை கழுவுவாள். கேட்டால், "தூசி." சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. அது பாவம் என்று காலைப் பிரார்த்தனையில் சொல்லித் தந்திருந்தார்கள். கையால் செய்வதற்குத் தடை ஒன்றுமில்லை போலிருக்கிறது. நானும் கழுவினேன். எனக்கு எந்தத் தூசியும் தெரியவில்லை. தலைவி பார்க்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.

பூஜை விடுமுறை கழிந்து ஒரு மத்தியானம், தலைவி குடித்துவிட்டுப் போணியை வைத்தாள். அடுத்து நின்றவள் புதியவள். அவசரப்படாமல் மூன்று முறை கழுவிவிட்டுக் குடித்தாள்.

"ஏட்டி, எதுக்குக் கழுவுக?" என்று கேட்டாள் தலைவி.

"தூசி."

தலைவி அழுதுகொண்டே டீச்சரிடம் ஓடினாள். "என்னை அவமானப்படுத்திட்டா." கழுவுவதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

வரிசையில் பின்னால் நின்ற என்னையும் கூப்பிட்டு, புதியவள் குடித்தால் மற்றவர்களும் கழுவுவதுண்டா என்று கேட்டார்கள். "கவனிக்கல்ல டீச்சர்" என்றேன்.

டீச்சர் புதியவளை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"என்னத்துக்கு டீச்சர்? போணியைக் கழுவினதுக்கா?"

பதில் இல்லாத பெரியவர்கள் செய்வதை டீச்சர் செய்தார், அவளை வெளியே நிறுத்தினார். மூன்று நாள் நின்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நாலாம் நாள் டீச்சரே சலித்துப்போய் உள்ளே விட்டார்.

மறுவாரம் ஊருக்குப் போகப் பஸ் நிலையத்தில் நின்ற அவளைப் பார்த்து, "எனக்கு மனசு கேக்கல்ல" என்றேன். புத்தகக் கட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "நீ கவனிக்கல்லன்னுல்லா சொன்ன? பின்ன மனசுக்கு என்ன வந்தது?" என்றாள்.

பள்ளி முடியும்வரை என்னிடம் பேசவில்லை. என்னைப் போன்றவளிடம் பேசவும் என்ன இருந்தது?