இரண்டாவது ஓட்டை

பஞ்சர் கடைக்காரருக்கு ஒரே பிள்ளை. ஒன்றுதான், ஆனால் ஒன்பதுக்குச் சமம் என்று தெருவே சொல்லும். பள்ளியில் சேர்த்த மாதமே ஒருவனைக் கடித்து, ஜன்னல் கண்ணாடியை உடைத்து, டீச்சர் கையைத் தட்டிவிட்டு வெளியே ஓடியவன். நடத்தைச் சிக்கல் என்று டாக்டர் சொன்னார். கொழுப்பு என்று அக்கம்பக்கம் சொன்னது. அடியாத மாடு படியாது என்று பழமொழி வேறு. சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே செலவு.

ஆனால் அடித்துப் பார்த்தவர்களும் அசந்துதான் போனார்கள். அவன் அழுததே இல்லை. சைக்கிளோடு விழுந்து முழங்கை கிழிந்து ரத்தம் ஒழுகும்போது, எழுந்து மணி ஒலிக்கிறதா என்று அடித்துப் பார்த்தான். சுடச்சுட இருந்த சைலன்சரைத் தொட்டுவிட்டு, கொப்புளத்தை ஏதோ புது பொம்மை மாதிரி அமுக்கி விளையாடினான். தெரு அவனுக்கு 'இரும்பு' என்று பெயர் வைத்தது.

அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. இரும்பென்றால் துருப்பிடிக்கும், யாரிடமும் சொல்லாமலே பிடிக்கும். ஊசி என்றாலே கண்ணை மூடிக்கொள்கிற தனக்கு இப்படியொரு பிள்ளையா என்று வியப்பு ஒரு பக்கம். இவனுக்கு உள்ளே ஏதாவது ஆனால் எப்படித் தெரியும் என்ற பயம் மறுபக்கம். அதனால் தினமும் சாயங்காலம் குளிக்கவைக்கும் சாக்கில் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்ப்பார். கட்டிப்பிடித்தால் திமிறுகிறவன், தண்ணீர் ஊற்றினால் மட்டும் நிற்பான்.

இப்படி முழுசாகப் பார்ப்பது கடையில் படிந்த பழக்கம். காற்றடித்த டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுவார். குமிழி வருகிற இடம் ஓட்டை. அவசரப்படுகிறவர்களிடம் சொல்வார்: "ஒண்ணு கிடைச்சிருச்சுன்னு நிறுத்தக் கூடாதுங்க. முழுச் சுத்தும் பார்க்கணும்."

ஒரு நாள் பள்ளியிலிருந்து லேசாகத் தாங்கித் தாங்கி நடந்து வந்தான். குளியலறையில் பார்த்தால் குதிகாலில் கண்ணாடிச் சில்லு, ஆழமாக. அவர் இடுக்கியால் இழுத்தார். அவனோ சோப்பு நுரையை ஊதிப் பறக்கவிட்டுக்கொண்டு ஏதோ பாடினான். அவருக்கு மெய்சிலிர்த்தது. பெரிய மனுஷனே அலறியிருப்பான்.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி, வேலையிலிருந்து வந்ததும்.

"கண்ணாடி குத்தியிருந்துது. எடுத்துட்டேன். அதான் நொண்டியிருக்கான்."

அடுத்தடுத்த நாட்களிலும் அந்த நடை மாறவில்லை. புண் ஆறினால் சரியாகிவிடும் என்றார் அவர்; குளிக்கவைக்கும்போதும் குதிகாலை மட்டுமே பார்த்தார். அவனும் ஓடினான், படியிலிருந்து குதித்தான். இதைப் பார்த்து யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

பிறகு ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். வேறு கடையில் ஒட்டிய மறுநாளே மறுபடி காற்று இறங்கிவிட்டதாம். அப்பா டியூபை முக்கினார். பழைய ஒட்டு கல் மாதிரி இருந்தது. எதிர்ப்பக்கம் குமிழி கிளம்பியது.

"பாருங்க, ஒண்ணைப் பார்த்ததும் நிறுத்திட்டான். இவனெல்லாம் ஒரு..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். டியூப் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"என்னாச்சுண்ணே?"

"கடையைப் பார்த்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தேடி ஓடினார். வாடிக்கையாளரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஓடிய பஞ்சர்காரர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முழங்காலுக்குக் கீழே விரிசல் கோணலாக ஓடியது. அவர் படத்தையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் காலோடயா ஓடினான்?"

"குதிச்சான் மேடம்."

"இன்னும் ரெண்டு தடவை குதிச்சிருந்தா எலும்பு விலகியிருக்கும். அப்புறம் ஆபரேஷன்தான். நல்லவேளை, கூட்டிட்டு வந்தீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது பிடிவாதம் இல்ல. இந்த மாதிரிப் பிள்ளைங்கள்ல சில பேருக்கு வலி சீக்கிரம் உறைக்காது. உறைச்சாலும் சொல்லத் தெரியாது."

"எங்கடா விழுந்த?" என்றார் அப்பா.

"ஸ்கூல் சுவத்துலேர்ந்து குதிச்சேன். கண்ணாடி பதிச்ச சுவர்."

கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மாவுக்கட்டு காய்வதற்காக உட்கார்ந்திருந்தார்கள். "வலிச்சா சொல்லணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"வலின்னா எப்படி இருக்கும்?"

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டான். பிள்ளை பெற்ற நாளிலிருந்து இப்படி ஒரு கேள்விக்கு அவர் தயாராக இருந்ததில்லை.

"அது... யாராவது வந்து அந்த இடத்துல கொஞ்சம் கை வெச்சா தேவலைன்னு தோணும்டா."

அவன் யோசித்தான். கட்டுப்போட்ட காலைப் பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான். பிறகு, "அப்படின்னா ஒரு இடத்துல இருக்கு," என்றான்.

"எங்க?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "நான் போய் உக்காந்தா எல்லாரும் தள்ளி உக்காருவாங்கல்ல, அப்போ."

"எப்பவாவதா?"

"தினமும்."

தினமும் குளிக்கவைத்த கை அது. மெல்ல நீட்டி, அவன் காட்டிய இடத்தில் வைத்தார். பிள்ளை தட்டிவிடவில்லை.